லாஃப்டில் பலகை போடலாம், பஞ்சை மட்டும் நசுக்காதீர்கள்

லண்டன் பக்கம் வீடு வாங்கும் நம் ஆட்களுக்குச் சீக்கிரமே லாஃப்ட் மீது, அதாவது ஓட்டுக்கூரைக்கும் மாடியறைக்கும் இடையே உள்ள இடத்தின் மீது, கண் விழும். சூட்கேஸ், பெரிய அண்டா, கொலுப் படி, குழந்தையின் பழைய தொட்டில் என்று வைக்க இடமில்லாமல் தவிக்கும்போது, தலைக்கு மேலே அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று தோன்றத்தான் செய்யும். நாலு பலகை வாங்கிப் போட்டால் முடிந்தது என்று பலரும் இறங்கிவிடுகிறார்கள். பலகை போடுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் மேலே இருப்பது தரை இல்லை, படுக்கையறையின் கூரையட்டை. அதைத் தாங்கும் கட்டைகளும் குளிரைத் தடுக்கும் பஞ்சும் கெடாமல் பலகை போடுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

முதலில் ஒரு டார்ச்சைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள், எதையும் வாங்கிவிடாதீர்கள். கண்ணாடிப் பஞ்சுத் தூள் தொண்டையில் இறங்கும், அதனால் நுண்தூளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். கட்டைகளின் மேல் மட்டும்தான் கால் வைக்கலாம். நடுவில் வைத்தால் கால் நேராகக் கீழ் அறைக்குள் இறங்கிவிடும். இரண்டு மூன்று கட்டைகளுக்குக் குறுக்கே ஒரு கனமான பலகையைப் போட்டு, அதன்மேல் முழங்காலிட்டு வேலை செய்வது நல்லது.

உங்கள் கூரை எந்த வகை என்று பாருங்கள். ஈஸ்ட் ஹாம் பக்கத்து நூறு வருடத்து வரிசை வீடுகளிலும், ஹாரோ, வெம்ப்ளி பக்கத்து 1930களின் வீடுகளிலும் கைமரங்கள் தனியாகவும் கூரையட்டையைத் தாங்கும் கட்டைகள் தனியாகவும் இருக்கும், நடுவில் இடம் திறந்திருக்கும். 1960களுக்குப் பிறகு கட்டிய பெரும்பாலான வீடுகளில் மெல்லிய கட்டைகள் ஆங்கில டபிள்யூ எழுத்துப்போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும், இணைப்புகளில் பல் வைத்த இரும்புத் தகடு அடித்திருக்கும். இதுதான் ட்ரஸ் கூரை. இதன் அடிக்கட்டை கூரையட்டையையும் கொஞ்சம் சாமானையும் தாங்கத்தான் கணக்கிடப்பட்டது, சாமானுக்கான கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. மரச்சில்லுகளை அழுத்திச் செய்த 18 மி.மீ. சிப்போர்டுப் பலகையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ வருகிறது. பாதிக் கணக்கு பலகையிலேயே போய்விட்டதா? மிச்சத்தில்தான் உங்கள் சாமான். ஆகையால் ட்ரஸ் வீட்டில் லாஃப்ட் முழுக்கப் பலகை போடும் ஆசையை விட்டுவிடுங்கள், ஏறும் வாசலைச் சுற்றி நடுப்பகுதியில் மட்டும் போடுங்கள். இடைஞ்சலாக இருக்கிறதே என்று அந்த டபிள்யூ கட்டை ஒன்றைக்கூட அறுக்கக்கூடாது. அறுத்தால் மொத்தக் கூரையின் பாரமும் இடம் மாறிவிடும்.

பழைய வீடு என்றாலும் பலமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 75 மி.மீ. உயரமே உள்ள கட்டை, நடுவில் சுவர்த் தாங்கல் இல்லாமல் நீளமாக ஓடினால் வளையும். கீழறைக் கூரையில் ஏற்கெனவே தொய்வோ விரிசலோ தெரிந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் செய்ய வேண்டும்.

ஏறியபோதே இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஓட்டின் அடியில் ஈரம் இருந்தால் முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். வௌவால் இருந்தால் வேலையை அப்படியே நிறுத்துங்கள், அவை 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, கலைப்பது குற்றம். பஞ்சுக்குப் பதில் பழுப்பும் சாம்பலுமாக மினுங்கும் சிறு உருண்டைகள் கொட்டிக்கிடந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், கிளறாமல் இறங்கிவந்து பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

இப்போது பஞ்சு. இங்கே பரிந்துரைக்கப்படும் கனம் 270 மி.மீ., கட்டைகளின் உயரமோ 100 மி.மீ. அளவுதான். பலகையை நேராகக் கட்டைமேல் வைத்து அழுத்தினால் 270 இருந்த பஞ்சு 100 ஆகிவிடும், சூட்டைத் தடுக்கும் திறனில் பாதிக்கு மேல் போய்விடும். பஞ்சு வேலை செய்வதே அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றால்தான். நசுக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது, அப்புறம் குளிர்காலம் முழுக்க ஹீட்டிங் பில்லில் அதற்குப் பணம் கட்டவேண்டும். இன்னொரு கெடுதலும் உண்டு. நம் சமையலில் எழும் ஆவி இடுக்குகள் வழியாக மேலேறி, குளிர்ந்த பலகையின் அடியில் நீராகப் படியும். காற்று போக வழியில்லை என்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

அதனால் பலகையை உயர்த்த வேண்டும். இதற்கென்றே பிளாஸ்டிக் கால்கள் கடையில் கிடைக்கின்றன. 175 மி.மீ. காலை 100 மி.மீ. கட்டைமேல் வைத்தால் 275 ஆகிறது, பஞ்சு நசுங்காது, ஆனால் மேலே காற்றோட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 50 மி.மீ. இடைவெளியாவது இருந்தால் நல்லது. காசு கொஞ்சம் கூடினாலும் உயரமான காலையே வாங்குங்கள் என்பேன். வாங்குமுன் நிற்கும் உயரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். காலுக்குக் கால் இடைவெளி எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பில் கொடுத்திருப்பார், அதை மீறாதீர்கள்.

பலகைக்கு, லாஃப்டுக்கென்றே விற்கும் 1220க்கு 320 மி.மீ. சிப்போர்டு வசதி, சிறிய வாசல் வழியாக ஏறிவிடும். பெரிய 2400 மி.மீ. பலகை மலிவாகத் தெரிந்தாலும் உள்ளே போகாமல் வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். கட்டைகளுக்குக் குறுக்காகப் பலகையை வையுங்கள், ஒரு பலகை ஓரத்தின் நாக்கும் அடுத்த பலகை ஓரத்தின் பள்ளமும் நன்றாகப் பொருந்த வேண்டும், இரண்டு பலகைகள் சேரும் இடம் ஒவ்வொன்றும் ஒரு காலின் மேல் விழ வேண்டும். முதல் வரிசையை முழுப்பலகையில் தொடங்கினால் அடுத்ததை அரைப்பலகையில் தொடங்குங்கள், செங்கல் அடுக்குவதுபோல இணைப்புகள் விலகிவிலகி வரட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஆணி வேண்டவே வேண்டாம், சுத்தியலின் அதிர்வில் பழைய வீட்டுச் சுண்ணாம்புக் கூரை பெயர்ந்து கீழே விழும். காலோடு வரும் திருகுகளையே போடுங்கள். பசை ஒட்டும் பழக்கமும் சிலருக்கு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, நாளைக்கு எலக்ட்ரீஷியன் வந்தால் பலகையை எடுத்துத்தானே பார்க்க வேண்டும்?

மின்கம்பிகளைப் பஞ்சுக்கு அடியில் புதைக்காதீர்கள், சூடு வெளியேறாது. முக்கியமாக எலக்ட்ரிக் ஷவருக்குப் போகும் தடிமனான கம்பியைப் பஞ்சுக்கு மேலேயே விடுங்கள், சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். கீழறைக் கூரையில் பதித்த குழிவிளக்குகள் இருந்தால் அவற்றின்மேல் அதற்கான தீத்தடுப்பு மூடியைப் போட்டபிறகே பஞ்சு வர வேண்டும். கூரை ஓரத்துச் சரிவு வரை பலகையையோ பஞ்சையோ தள்ளி அடைக்காதீர்கள், மொத்த லாஃப்டுக்கும் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

சாமான் வைக்க மட்டும் பலகை போட்டால் பொதுவாகக் கவுன்சில் அனுமதி தேவைப்படாது. அறையாக மாற்றுவது வேறு கதை, அதற்கு முறையான அனுமதியும் தனியாகத் தரைக்கட்டைகளும் வேண்டும். அதையும் இதையும் குழப்பிக்கொண்டு பிள்ளைகளை மேலே படிக்க உட்காரவைக்காதீர்கள்.

எதை ஏற்றுவது என்பதிலும் யோசனை வேண்டும். புத்தகப் பெட்டி, கிரைண்டர் கல், அரிசி மூட்டை எதுவும் மேலே போகக்கூடாது. கோடையில் அங்கே அனல், குளிர்காலத்தில் ஈரம். பட்டுப்புடவையும் போட்டோ ஆல்பமும் கீழே அலமாரியிலேயே இருக்கட்டும். கொலுப் பொம்மைகளைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, பெட்டிகளை ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பி வையுங்கள்.

கடைசியாக ஏறும் வாசலின் மூடி. அதன் மேல்பக்கம் பஞ்சோ இன்சுலேஷன் அட்டையோ ஒட்டி, ஓரம் சுற்றிக் காற்றுத்தடுப்புப் பட்டையும் ஒட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் இதை விட்டால் வீட்டுச் சூடும் ஆவியும் அந்த ஒரு துளை வழியாகவே மேலே போய்க்கொண்டிருக்கும்.