குழந்தை தோல்ல ஏதாவது வந்தா க்ரீம் தடவறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

குழந்தை ஒடம்புல திடீர்னு தடிப்பா ஏதாவது கெளம்பிட்டா நம்ம கை நேரா மருந்து டப்பாவுக்குத்தான் போகும், போன தடவை யாருக்கோ வாங்கின பாதி ட்யூப் ஒண்ணு கெடக்கும், எடுத்து தடவிடுவோம். நானும் அதத்தான் பண்ணேன். என் சின்னவ ரெண்டு மாசம் ராத்திரி தூங்காம சொறிஞ்சுகிட்டே இருந்தா, வறண்ட தோல்னு நெனச்சு ஒவ்வொரு க்ரீமா மாத்தி மாத்தி போட்டேன், கடைசியில என் மணிக்கட்டுலயும் அரிக்க ஆரம்பிச்சு டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய் நின்னப்பதான் இது ஸ்கேபிஸ், சிரங்குன்னு சொன்னாங்க. அவ பட்ட அவஸ்தைய நெனச்சா இன்னமும் மனசு கனக்குது. அதுக்கப்புறம் கத்துகிட்டத எல்லாம் இங்க எழுதறேன், டாக்டருக்கு பதிலா இல்ல, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியும் போயிட்டு வந்தப்புறமும் நாம சரியா பண்ணணும்னு.

மொதல்ல தோல பாக்காதீங்க, குழந்தைய பாருங்க. வெளையாடுதா, பால் குடிக்குதா, முகம் தெளிவா இருக்கா? தடிப்போட காய்ச்சல் இருந்து குழந்தை துவண்டு போய் கெடந்தா வீட்டுல எந்த வைத்தியமும் வேண்டாம். அதுல முக்கியமா ஒரு சோதனை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், கண்ணாடி டம்ளரோட பக்கவாட்ட அந்த புள்ளி மேல வச்சு நல்லா அழுத்திப் பாருங்க, சாதாரண தடிப்பா இருந்தா அழுத்தும்போது நெறம் மங்கிடும், மங்காம அப்படியே செவப்பாவோ ஊதாவாவோ தெரிஞ்சா அது தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கறது, காய்ச்சலும் சேந்து இருந்தா மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்துல பரவறதா இருக்கலாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு கெளம்பணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. ஆனா டம்ளர்ல மங்கிடுச்சு அதனால பயமில்லன்னும் நெனச்சுடாதீங்க, ஆரம்பத்துல சில நேரம் மங்கும், குழந்தை சோர்ந்து போயிருந்தா அதுவே போதுமான காரணம். 3 மாசத்துக்கு உள்ள இருக்கற குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே தடிப்பு இருந்தாலும் இல்லாட்டியும் டாக்டர பாக்கணும். பொறந்து ஒரு மாசம் ஆகாத குழந்தைக்கு நீர்க்கொப்புளம் வந்தாலும் அதே அவசரம்தான்.

இன்னொண்ணு, செவப்பு செவப்புன்னு எல்லாரும் சொல்றாங்க, நெட்டுல போட்டு பாத்தா வர்ற போட்டோ பெரும்பாலும் வெள்ளைத் தோலுதான். கறுத்த, மாநிறத் தோல்ல அதே வியாதி செவப்பா தெரியாது, கொஞ்சம் கருமையா, சாம்பலா, ஊதா கலந்த மாதிரி தெரியும். அதனால கண்ணால மட்டும் பாக்காம கையால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கா, மத்த எடத்த விட சூடா இருக்கா, வீங்கி இருக்கா. டம்ளர் சோதனைய கறுத்த தோல்ல உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு மாதிரி வெளுப்பா இருக்கற எடத்துல பண்ணுங்க, கண் இமைக்கு உள்ள, வாய் மேலண்ணத்துலயும் புள்ளி இருக்கான்னு பாருங்க.

அவசரம் இல்லன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு பெருசா உதவறது மூணு கேள்விதான். எந்தெந்த எடத்துல இருக்கு, எப்ப அதிகமா அரிக்குது, வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா. இதுக்கு பதில் தெரிஞ்சாலே பாதி வியாதிய பிரிச்சுடலாம், எங்க வீட்டுல மூணாவது கேள்விய யாராவது மொத வாரமே கேட்டிருந்தா ரெண்டு மாசம் ஆகியிருக்காது.

குழந்தைங்களுக்கு ரொம்ப சாதாரணமா வர்றது எக்ஸிமா, பெரியவங்க கரப்பான்னு சொல்வாங்க. ஒரு வயசுக்குள்ள இருந்தா கன்னம், தலை, கை கால் வெளிப்பக்கம், கொஞ்சம் வளந்த குழந்தைன்னா முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னாடி, கழுத்து, மணிக்கட்டு. டயப்பர் போடற எடத்துல பெரும்பாலும் இருக்காது, அது ஒரு நல்ல அடையாளம். வரும் போகும் வரும் போகும்னு இருக்கும், குடும்பத்துல ஆஸ்துமாவோ அலர்ஜித் தும்மலோ இருக்கலாம். இது ஒட்டுவாரொட்டி இல்ல, யார்கிட்ட இருந்தும் வரல யாருக்கும் போகாது, தோலோட வேலி பலவீனமா இருக்கு, அதனால ஈரம் வெளிய போயிடுது, உறுத்தற பொருளெல்லாம் உள்ள போயிடுது, அவ்வளவுதான்.

அதனால வைத்தியத்துல முக்கால்வாசி மாய்ஸ்சரைசர்தான், இத நாம எல்லாரும் ரொம்ப கம்மியா போடறோம். எக்ஸிமா ஒடம்பு முழுக்க இருக்கற குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம்ல இருந்து 500 கிராம் வரைக்கும் ஆகும்னு டாக்டருங்க கணக்கு சொல்றாங்க, சின்ன ட்யூப் ஒண்ணு ஒரு மாசம் வந்தா நீங்க போதுமான அளவு போடலன்னு அர்த்தம். வாசனை இல்லாத கெட்டியான க்ரீமோ ஆயின்மென்ட்டோ எடுங்க, லோஷன் தண்ணியா இருக்கும், வறண்ட தோலுக்கு பத்தாது. குளிக்கறது வெதுவெதுப்பான தண்ணியில 5ல இருந்து 10 நிமிஷம் போதும், தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள, ஒரு 3 நிமிஷத்துக்குள்ள, முடி வளர்ற தெசையிலயே மேலருந்து கீழ தடவுங்க. டப்பாவுல விரல விடாம சுத்தமான ஸ்பூன்ல எடுங்க, கிருமி உள்ள போகாது. துணியில ஊறின க்ரீம் நெருப்பு பட்டா சட்டுனு பிடிச்சுக்கும், அடுப்பு பக்கம் குழந்தைய விடாதீங்க, இத யாரும் சொல்றதே இல்ல.

மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு அடங்கலன்னா டாக்டர் ஸ்டெராய்டு க்ரீம் குடுப்பாங்க. இதுல ரெண்டு விதமான தப்பு நடக்குது, சிலர் பயந்துகிட்டு பொட்டு மாதிரி வச்சுட்டு நிறுத்திடறாங்க, சிலர் நல்லா கேட்டுச்சேன்னு மாசக்கணக்கா போடறாங்க. அளவு இருக்கு. பெரியவங்க ஆள்காட்டி விரலோட நுனியில இருந்து மொத ரேகை வரைக்கும் ட்யூப்ல இருந்து பிதுக்கினா சுமாரா அரை கிராம், பெரியவங்க கை ரெண்டு, விரலோட சேத்து, எவ்வளவு எடத்த மூடுமோ அவ்வளவு எடத்துக்கு அது போதும். முகத்துக்கு வேற ஒடம்புக்கு வேற வீரியம், ஒடம்புக்கு குடுத்தத முகத்துல தடவக் கூடாது, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட்டுட்டு நிறுத்தணும். மாய்ஸ்சரைசரையும் இதையும் ஒரே நேரத்துல பூசி கலக்காம ஒரு அரை மணி நேரம் இடைவெளி விடுங்க. எக்ஸிமா இருக்கற எடத்துல திடீர்னு ஒரே அளவுல குட்டி குட்டியா குழி விழுந்த புண்ணு நெறைய வந்து வலியும் காய்ச்சலும் இருந்தா அது ஹெர்ப்பிஸ் கிருமி பரவறது, அன்னைக்கே டாக்டர். சாப்பாட்டால வருதுன்னு நீங்களா ஒவ்வொண்ணா நிறுத்திடாதீங்க, வளர்ற குழந்தை, டாக்டர் சொன்னா மட்டும் பண்ணுங்க.

இப்ப ஸ்கேபிஸ். கண்ணுக்கு சரியா தெரியாத ஒரு சின்னப் பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடறதால வர்றது. ராத்திரியில அரிப்பு ரொம்ப அதிகம், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள சுத்தி, அக்குள், பையன்னா குறியில குட்டி உருண்டைங்க, கைக்குழந்தைன்னா உள்ளங்கை உள்ளங்கால்ல கூட வரும், எக்ஸிமாவுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்துல இது முக்கியம். அழுக்கால வர்றது கெடையாது, தயவுசெஞ்சு யாரையும் அப்படி பேசாதீங்க, தோலோட தோல் ஒட்டி இருந்தா யாருக்கும் வரும். மொத தடவை ஒட்டிகிட்டா அரிப்பு தெரிய ஒரு மாசத்துக்கு மேல கூட ஆகும், அதுவரைக்கும் அரிப்பில்லாதவங்களும் பரப்பிகிட்டே இருப்பாங்க. அதனாலதான் ஒருத்தருக்கு மட்டும் மருந்து போட்டா போகவே போகாது, அரிக்குதோ இல்லையோ வீட்டுல இருக்கற அத்தனை பேரும் ஒரே ராத்திரி போட்டாகணும்.

வழக்கமா குடுக்கறது 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். கழுத்துல இருந்து பாதம் வரைக்கும், விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில, தொப்புள், பிட்டம் எதையும் விடாம, சின்னக் குழந்தைங்களுக்கு கண்ணு வாய் சுத்தி மட்டும் விட்டுட்டு தலை முகத்துக்கும் சேத்து தடவணும், 8ல இருந்து 14 மணி நேரம் கழிச்சு குளிப்பாட்டணும். நடுவுல கை கழுவினா கையில மறுபடி போடணும், விரல் சப்பற குழந்தைன்னா கைக்கு சாக்ஸ் மாட்டி விடுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை, இத விட்டுட்டாதான் நெறைய வீட்டுல திரும்ப வருது. 2 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தை, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர கேக்காம போடக் கூடாது. துணி, போர்வை எல்லாம் சுடுதண்ணியில தொவைக்கணும், தொவைக்க முடியாத பொம்மைய ஒரு பையில காத்து போகாம கட்டி ஒரு வாரம் வச்சா போதும், ஒடம்ப விட்டு வெளிய வந்தா அந்த பூச்சி 2, 3 நாளுக்கு மேல பிழைக்காது. மருந்து போட்டதுக்கு அப்புறமும் 2ல இருந்து 4 வாரம் அரிக்கும், செத்த பூச்சிக்கு ஒடம்பு காட்டற எதிர்ப்பு அது, மருந்து வேலை செய்யலன்னு பயந்து தினமும் திரும்பத் திரும்ப தடவினா தோல்தான் புண்ணாகும்.

படர்தாமரை வட்டமா வரும், ஓரம் தடிச்சு செதிலா இருக்கும், நடுவுல தெளிஞ்சிருக்கும், மெல்ல மெல்ல பெருசாகும். காளான் கிருமி. க்ளோட்ரிமசோல் மாதிரி க்ரீம வட்டத்துக்கு வெளியவும் கொஞ்சம் சேத்து தடவி, மறைஞ்சப்புறமும் ஒண்ணு ரெண்டு வாரம் தொடரணும். இங்கதான் நான் ரொம்ப கெஞ்சிக் கேட்டுக்கறேன், ஸ்டெராய்டு, காளான் மருந்து, ஆன்டிபயாட்டிக் மூணும் கலந்த க்ரீம் எதையும் நீங்களா போடாதீங்க. ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், செவப்பு போயிடும், ஆனா உள்ள காளான் ஜாலியா பரவும், வட்டமெல்லாம் கலைஞ்சு போய் அப்புறம் தோல் டாக்டருக்கே அடையாளம் கண்டுபிடிக்க கஷ்டமாயிடும். ட்யூப்ல பேரு படிங்க, க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு இருந்தா அது ஸ்டெராய்டு. தலையில முடி உதிர்ந்து செதிலா வட்டம் வந்தா க்ரீம் பத்தாது, வாரக்கணக்கா உள்ளுக்கு மருந்து வேணும்.

மூக்கு, வாய சுத்தி புண்ணு வந்து தேன் காஞ்ச மாதிரி மஞ்சப் பொருக்கு கட்டினா அது இம்பெட்டிகோ, வேகமா ஒட்டும். சோப்புத் தண்ணியில பொருக்க மெதுவா ஊற வச்சு எடுத்துட்டு டாக்டர் குடுத்த ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் போடணும், துண்டு தனியா வைங்க, மருந்து ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு நாள் ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. புண்ணு ஆறி சில வாரத்துல முகம் வீங்கினாலோ மூத்திரம் பழுப்பா போனாலோ உடனே காட்டணும், அபூர்வமா சிறுநீரகத்த பாதிக்கும்.

டயப்பர் புண்ணுல ஒரே ஒரு விஷயம் பாருங்க, தொடை மடிப்புக்குள்ள இருக்கா இல்லையா. மடிப்ப விட்டுட்டு மேட்டுல மட்டும் செவந்திருந்தா ஈரத்தால வந்தது, அடிக்கடி மாத்தி, தண்ணியில கழுவி, காத்தாட விட்டு, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம கெட்டியா பூசினா 3, 4 நாள்ல கேக்கும். மடிப்புக்குள்ளயும் இருந்து சுத்தி தனித்தனியா புள்ளி தெளிச்ச மாதிரி இருந்தா காளான், அதுக்கு காளான் க்ரீம் வேணும். பவுடர் கொட்டாதீங்க, மூச்சுல போனா நுரையீரலுக்கு கெடுதல். வேர்க்குருவுக்கும் பவுடர் வேண்டாம், மருந்தும் வேண்டாம், சூட்ட கொறச்சு லூசான துணி போட்டா போதும், கெட்டியான எண்ணெயோ க்ரீமோ தடவினா வேர்வைத் துளை இன்னும் அடைக்கும்.

பொறந்த மொத வாரத்துல வர்ற செவப்புத் திட்டு, மூக்கு மேல வெள்ளைப் புள்ளி, ரெண்டும் தானா போயிடும், கிள்ளாதீங்க. முத்து மாதிரி, நடுவுல தொப்புள் குழி வச்ச சின்ன உருண்டைங்க மொலஸ்கம், அதுவும் தானா போகும் ஆனா ஒரு வருஷத்துக்கு மேல கூட ஆகலாம். கன்னத்துல மங்கலா வெளுத்த திட்டு பாத்து வெண்புள்ளியோன்னு எத்தனையோ அம்மாங்க அழறாங்க, ஓரம் தெளிவில்லாம லேசா செதிலா இருந்தா அது பெரும்பாலும் வறட்சியால வர்ற திட்டுதான், மாய்ஸ்சரைசர் போட்டு பொறுமையா இருங்க, சுண்ணாம்பு மாதிரி பளிச்னு வெளுத்து ஓரம் வெட்டின மாதிரி இருந்தா காட்டுங்க. தடிப்பு எடம் மாறி மாறி வந்து ஒவ்வொண்ணும் 24 மணி நேரத்துக்குள்ள மறைஞ்சா அது அர்டிகேரியா, கூடவே உதடு நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஆம்புலன்ஸ். சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) வந்திருந்தா ஆஸ்பிரின் கண்டிப்பா கூடாது, இபுப்ரோஃபென்னும் வேண்டாம், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். 5 நாளா காய்ச்சல் விடாம கண்ணு செவந்து உதடு வெடிச்சு நாக்கு செவந்து இருந்தா கவாசாகியான்னு டாக்டர்கிட்ட பேர சொல்லியே கேளுங்க, இதயத்து ரத்தக்குழாய பாதிக்கற வியாதி, மொத 10 நாளுக்குள்ள வைத்தியம் ஆரம்பிக்கறது முக்கியம்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி தினம் ஒரு போட்டோ பகல் வெளிச்சத்துல எடுத்து வைங்க, ஒண்ணு கிட்டத்துல ஒண்ணு தூரத்துல, ஏன்னா போற அன்னைக்கு பாத்து மறைஞ்சு நிக்கும். தடவின ட்யூப் எல்லாத்தையும், தீந்து போனதையும், ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, எத தடவினீங்கன்னு மறைக்காதீங்க. உங்க கையிலயும் ஏதாவது அரிச்சா, கேக்கலன்னாலும், சட்டைக் கைய மடிச்சு அதையும் காட்டிடுங்க.