கலர் மாறிடுச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க

பாலுல மாவு கலந்திருக்கான்னு பாக்க பீட்டாடைன் (காயத்துக்குப் போடுற அயோடின் மருந்து) ரெண்டு சொட்டு விடுங்க, நீலமாச்சுன்னா கலப்படம்னு வீடியோ போடுறாங்க இல்ல, அந்த டெஸ்ட் சரியான டெஸ்ட்தான். ஆனா பாலைக் காச்சி சூடா இருக்கும்போதே சொட்டு விட்டுட்டு ஒண்ணும் மாறலயே சுத்தமான பால்னு சொன்னா எப்படி? ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து வர்ற நீலம் சூட்டுல நிக்காது, ஆறினாதான் தெரியும். சந்தேகம்னா வடிகஞ்சில பாருங்க, ஆறின கஞ்சில சொட்டு விட்டா கருநீலம், அதையே லேசா சூடு பண்ணா நிறம் ஓடிடும், ஆற வச்சா திரும்ப வரும் (ரொம்ப நேரம் கொதிக்க விட்டா அயோடினே ஆவியா போயிடும், அப்புறம் வராது). காச்சாம பச்சைப் பாலுல பாக்குறதும் சரியில்ல, மாவு வெந்தாதான் நிறம் நல்லா எடுக்கும். அதனால காச்சி, நல்லா ஆற வச்சு, அப்புறம் சொட்டு. சோப்பு சரியா போகாத பாத்திரமும் வேணாம், காரம் இருந்தா அயோடின் நிறமே போயிடும். இன்னொண்ணு, நீலம் வரலன்னா மாவு இல்லன்னுதான் அர்த்தம், தண்ணியும் யூரியாவும் கலந்திருந்தா இந்த டெஸ்டுக்கு அது தெரியவே தெரியாது.

மஞ்சள்தூள்ல பாதி வேலைலயே நிறுத்திடுறாங்க. அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா சிவக்குது, உடனே மெட்டானில் எல்லோன்னு (கலப்படத்துக்குப் போடுற மஞ்சள் சாயம்) கூச்சல். நல்ல மஞ்சளே அடர் ஆசிட்ல சிவக்கும்ங்க, அதுக்கு மேல தண்ணி ஊத்திப் பாக்கணும், நிறம் போயிடுச்சுன்னா அது மஞ்சள், போகாம நின்னாதான் மெட்டானில் எல்லோ. அதே மாதிரி சோப்பு பட்டு மஞ்சள் கறை சிவந்தா கலப்படம் இல்ல, ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்குதே அதேதான். (பாத்ரூம் கழுவுற ஆசிட்ட எடுத்து அடுப்பங்கரைல இதெல்லாம் பண்ண வேணாம்.)

இப்ப கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல குடுத்த சால்ட் என்னன்னு கண்டுபிடிக்கிற பசங்களுக்கு. சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளையா வீழ்படிவு, குளோரைடுன்னு எழுதியாச்சு, ஆனா டெஸ்ட் டியூப்ப எதுல கழுவினீங்க? குழாய்த் தண்ணிலயே குளோரைடு இருக்கு, போர் தண்ணின்னா கேக்கவே வேணாம், நீங்க சால்ட்ட டெஸ்ட் பண்ணல, தண்ணிய டெஸ்ட் பண்ணியிருக்கீங்க. கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல அலசிட்டு, பக்கத்துலயே இன்னொரு டியூப்ல சால்ட் இல்லாம வெறும் டிஸ்டில்டு வாட்டருக்கு அதே ரீஏஜென்ட் விட்டுப் பாருங்க, அதுவும் கலங்குச்சுன்னா குத்தம் டியூப் மேலயோ தண்ணி மேலயோதான். இங்க அமிலமாக்க நீர்த்த நைட்ரிக் ஆசிட்தான் விடணும், ஹைட்ரோகுளோரிக் விட்டா குளோரைட நாமளே கொண்டு போய் போட்ட கதை. பேரியம் குளோரைடு வச்சு சல்ஃபேட் பாக்கும்போது ஹைட்ரோகுளோரிக் விடலாம், விடவும் வேணும், இல்லன்னா கார்பனேட்டும் வெள்ளையா வந்து ஏமாத்தும்.

சுண்ணாம்பு நீர் பால் மாதிரி ஆச்சுன்னா கார்பன் டை ஆக்ஸைடு, சரி. விடாம கேஸ் விட்டுக்கிட்டே இருந்தா கால்சியம் பைகார்பனேட்டா கரைஞ்சு திரும்ப தெளிஞ்சிடும், அப்ப வந்து பாத்துட்டு ரிசல்ட் இல்லன்னு எழுதுறவங்க உண்டு. சல்ஃபர் டை ஆக்ஸைடும் இதே மாதிரி வெளுக்கும்கிறத மறந்துடாதீங்க, தீக்குச்சி கொளுத்தின மாதிரி நெடி அடிச்சா அமிலமாக்கின டைகுரோமேட் பேப்பர் காட்டுங்க, பச்சையாகும்.

லிட்மஸ் பேப்பர காயவச்சே கேஸ்ல காட்டாதீங்க, டிஸ்டில்டு வாட்டர்ல நனைக்கணும். சோடியம் ஹைட்ராக்ஸைடு விட்டு அமோனியா வருதான்னு பாக்கும்போது சிவப்பு லிட்மஸ் பேப்பர், டியூப் வாயில படக்கூடாது, அங்க ஒட்டியிருக்கிற சோடியம் ஹைட்ராக்ஸைடே நீலமாக்கிடும்.

ஃபினாப்தலீன் (காரத்துல ரோஸ் ஆகுற இண்டிகேட்டர்) நிறம் காட்டலன்னா ஆசிட்னு எழுதுறது ரொம்ப சாதாரணமா நடக்குது. பிஎச் 8.2க்கு கீழ எல்லாத்துலயும் அது நிறமில்லாமதான் இருக்கும், வெறும் தண்ணிலயும். டைட்ரேஷன்ல (ஆசிட்ல காரத்த சொட்டு சொட்டா விட்டு அளக்கும்போது) வெளிர் ரோஸ் ஒரு 30 செகண்ட் நின்னா போதும், அப்புறம் மங்குறது காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடால, அதுக்காக இன்னும் ஒரு சொட்டு இன்னும் ஒரு சொட்டுன்னு விட்டா ரீடிங் போச்சு.

நைட்ரேட் இருக்கான்னு பாக்குற பிரவுன் ரிங் டெஸ்டுக்கு ஃபெரஸ் சல்ஃபேட் கரைசல அன்னைக்கே போடுங்க, பழசு மஞ்சளாகி ஃபெரிக்கா மாறியிருக்கும். சல்ஃப்யூரிக் ஆசிட்ட டியூப் ஓரமா வழிய விடணும், குலுக்கினா ரிங் இருக்காது. ப்ரோமைடும் அயோடைடும் அடர் சல்ஃப்யூரிக் ஆசிட் பட்டதும் பழுப்பு நிறம் குடுக்கும், அதனால அது ரெண்டும் இல்லன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் ரிங்குக்கு வாங்க.