பிளட் தின்னர் மாத்திரை: பயம் தப்பான பக்கம் சாயும்போது

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் முழங்கையில் நீலம் பாரிக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கும் பிளட் தின்னர் சாப்பிடுபவர்களைக் கலவரப்படுத்துவது பெரும்பாலும் இவைதான். 'நாலு நாள் நிறுத்திப் பார்ப்போமே' என்று தோன்றும். நிறுத்தினால் ஈறு சரியாகிவிடும், உடம்பும் நன்றாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் இதயத்தின் இடது மேலறையை ஒட்டிய சின்னப் பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறைந்தால் வலிக்காது, எந்த அறிகுறியும் காட்டாது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்த பிறகுதான் தெரியும். கண்ணில் படும் ரத்தத்துக்குப் பயந்து, கண்ணில் படாத கட்டியைக் கணக்கில் விடுவதுதான் முதல் தவறு.

கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தைச் சுமார் 5 மடங்கு கூட்டுகிறது. வார்ஃபரின் என்ற பழைய பிளட் தின்னர் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது. அபிக்ஸபான் என்ற புதிய மாத்திரையை வார்ஃபரினோடு ஒப்பிட்டு 2011-இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டது ஆண்டுக்கு 100 பேரில் அபிக்ஸபான் எடுத்தவர்களில் சுமார் 2 பேருக்கு, வார்ஃபரின் எடுத்தவர்களில் சுமார் 3 பேருக்கு. எல்லோரும் அஞ்சுவது மண்டைக்குள் கசிவதை. அது ஆண்டுக்கு 1,000 பேரில் முறையே சுமார் 3, 8 பேருக்கு. குடலில் கசிந்தால் பெரும்பாலும் சிகிச்சையில் மீட்டுவிடலாம். பக்கவாதத்தில் போன கையும் பேச்சும் அப்படித் திரும்புவதில்லை. இரண்டையும் ஒரே எடையாக வைத்துப் பார்க்கக் கூடாது.

படபடப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை விடுபவர்களும் உண்டு. பக்கவாத அபாயத்தை மருத்துவர் கணிப்பது படபடப்பை வைத்தல்ல; வயது, பிரஷர், சுகர், இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றை வைத்து. வந்து வந்து போகும் துடிப்புக் கோளாறிலும் கட்டி உருவாகும்.

'வயசானவங்களுக்கு ஆஸ்பிரின் போதுமே, அது மைல்டு' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதுவும் 2011-இலேயே சோதிக்கப்பட்டது. வார்ஃபரின் கொடுக்க முடியாதவர்களிடம் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டபோது, அபிக்ஸபான் எடுத்தவர்களுக்கு வந்த பக்கவாதம், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு வந்ததில் பாதியைவிடக் குறைவு. பெரிய ரத்தக்கசிவோ இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாட்டி வழுக்கி விழுவார் என்ற பயத்துக்கும் 1999-இல் ஒரு கணக்கு போட்டார்கள்: வார்ஃபரினின் நன்மையைத் தீமை விஞ்ச, ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டுமாம். வெறும் கணக்குதான், வேதவாக்கு அல்ல. ஆனாலும் விழுவார் என்பதற்காக மட்டும் மாத்திரையை நிறுத்துவது சரியில்லை என்று காட்டப் போதும். தலையில் அடிபட்டால் மட்டும், தெம்பாக எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடங்களில் நாம் சர்வ சாதாரணமாக இருக்கிறோம். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் கேட்டு வாங்கிப் போடுவது அதில் முக்கியமானது. பிளட் தின்னரோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். 'ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்' என்று இடுப்பில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் அப்படித்தான். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக வேலை செய்து பிளட் தின்னரின் பலத்தையே குறைத்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது இந்த மாத்திரையின் பெயரைத்தான்.

கீரையில் கவனம் வேண்டும் என்பது அசிட்ரோம், வார்ஃபரின் என்ற பழைய மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு மட்டும். முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் தினமும் சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) தடுமாறும். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டாரே என்று எல்லோரும் அவற்றுக்கு மாறிவிடவும் முடியாது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்களும், ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களும் பழைய மாத்திரையிலேயே இருக்க வேண்டும்.

புதிய மாத்திரைகளில் வேறு சிக்கல். வேலை செய்யும் நேரம் குறைவு என்பதால், செலவை மிச்சம் பிடிக்க அபிக்ஸபானின் ராத்திரி வேளையை விட்டால் காலைக்குள் பாதுகாப்பு கரைந்துவிடும். ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட வேண்டும். விரத நாளில் வெறும் வயிற்றில் விழுங்கினால் உடம்பில் முழுதாகச் சேராது. பல் பிடுங்கவும் கண்புரை ஆபரேஷனுக்கும் பல நேரம் நிறுத்தவே தேவையிருக்காது. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றைக்கே காட்டுங்கள். வாய் கோணினாலோ ஒரு கை தொங்கினாலோ 108. ஆஸ்பத்திரியில் மாத்திரையின் பெயரோடு, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் சொல்லுங்கள்; கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அந்த நேரத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.