ஒன்ராறியோவில் முதல் வீடு: லோயருக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு?

லோயர் விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தை மட்டும் நம்பி டவுன் பேமென்டுக்குக் காசு சேர்க்கிற பலர், குளோசிங்குக்கு, அதாவது வீடு உங்கள் பேருக்கு மாறும் நாளுக்கு, ஒரு கிழமை இருக்கும்போது அவரது அலுவலகம் அனுப்பும் கணக்கைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். கடைசி நேரத்தில் அண்ணரிடமும் மச்சானிடமும் கைமாற்றுக் கேட்டு ஓடவேண்டி வருகிறது. இந்தக் கணக்கை வீடு பார்க்கத் தொடங்கும்போதே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஊரில் நொத்தாரிசு செய்யும் வேலையை இங்கே லோயர்தான் செய்யவேண்டும். லோயர் அல்லாத சட்டப் பணியாளரான பராலீகலுக்கு அந்த அனுமதி இல்லை. ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த சாதாரண வீடொன்றுக்கு லோயர் கட்டணம் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டொலருக்குள் வரும். அதன்மேல் 13 வீத எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி. பிறகு அவர் உங்களுக்காகக் கட்டும் செலவுகள்: உரிமைத் தேடல், பதிவு, டைட்டில் இன்ஷூரன்ஸ் (உரிமைச் சிக்கலுக்கான காப்புறுதி), கூரியர். குறைத்துச் சொல்பவர் இவற்றை ஒவ்வொன்றாகப் பின்னால் சேர்க்கக்கூடும். ஆகவே "வரியும் செலவும் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஏஜென்ட் காட்டுகிற லோயரிடம்தான் போகவேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் உண்மையில் கையைக் கடிப்பது லோயர் கட்டணம் அல்ல, வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் லாண்ட் ட்ரான்ஸ்பர் வரி. 800,000 டொலர் வீடொன்றுக்கு மாகாண வரி 12,475 டொலர். வீடு ஸ்காபரோவில் இருந்தால் அது ரொறன்ரோ மாநகரத்துக்குள் அடங்கும். மாநகரமும் தன் பங்குக்கு இன்னொரு 12,475 டொலர் கேட்கும். முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 டொலர் வரையும் மாநகரம் 4,475 டொலர் வரையும் கழித்துவிடும். அப்படிக் கழித்தும் 16,475 டொலர் மிஞ்சுகிறது. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கத்தில் அதே விலைக்கு வாங்கினால், மாநகர வரி இல்லாததால், 8,475 டொலர்தான். வீதிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதில் 8,000 டொலர் இருக்கிறது.

அந்தக் கழிவு எல்லோருக்கும் கிடைக்காது. நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். உலகத்தில் எந்த மூலையிலும் உங்கள் பேரில் வீடோ வீட்டில் ஒரு பங்கோ ஒருபோதும் இருந்திருக்கக் கூடாது. சாவகச்சேரியில் மனைவி பேரில் எழுதிய சீதன வீடு, அப்பா இறந்தபின் பிள்ளைகளுக்குப் பங்காக வந்த வீடு, சென்னையில் வாங்கிப்போட்ட பிளாட் எல்லாம் கணக்கில் வரும். கணவன் மனைவியாக இருக்கும் காலத்தில் ஒருவருக்கு வீடு இருந்தாலே மற்றவருக்கும் கழிவு போய்விடும். "அது கனடாவிலேயா இருக்கு, ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொடுப்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். நீங்கள் கையெழுத்து வைத்துக் கொடுப்பது அரசுக்கான உறுதிமொழி. ஊரில் இருப்பது வெறும் காணியா, வீட்டோடு கூடிய காணியா என்பதையும் லோயரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிவை அவர் சொல்லட்டும்.

கழிவுக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். பதிவுக்குப் பிறகு 18 மாதத்துக்குள் அது கிடைத்தாலும் கேட்கலாம். ஒன்பது மாதத்துக்குள் அந்த வீட்டில் குடியேறியிருக்கவும் வேண்டும். கடன் கிடைப்பதற்காக, முன்பே வீடுள்ள மாமாவையோ அக்காவையோ உறுதியில் சேர்த்தால், அவர்களுடைய பங்களவுக்குக் கழிவு குறையும். ஒரு வீதம் கொடுப்பதும் ஐம்பது வீதம் கொடுப்பதும் ஒன்றல்ல. வேர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் ஓஃபரில் கையெழுத்து வைக்குமுன் கட்டாயம் லோயரைப் பாருங்கள். வெளிநாட்டவருக்கான 25 வீத மாகாண வரி உங்கள்மீதும் விழலாம். ரொறன்ரோவுக்குள் என்றால் 2025 ஜனவரியிலிருந்து மாநகரத்தின் 10 வீதமும் சேரும்.

டவுன் பேமென்ட் 20 வீதத்துக்குக் குறைவென்றால் இன்னொரு தொகை ஒளிந்திருக்கிறது. 700,000 டொலர் வீட்டுக்குப் பத்து வீதம் போட்டு 630,000 டொலர் கடன் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் கடன் கட்டாமல் விட்டால் வங்கிக்கு ஈடுகொடுக்கும் காப்புறுதி, 25 வருடக் கடனுக்கு 3.10 வீதம், அதாவது 19,530 டொலர். அதை மோட்கேஜோடு சேர்த்துவிடலாம். அதன்மேல் வரும் 8 வீத மாகாண வரியைச் சேர்க்க முடியாது. 1,562 டொலரைக் காசாகவே கட்டவேண்டும்.

கொண்டோ என்றால் அந்தக் கொண்டோ நிர்வாகத்தின் பண நிலைமையையும் விதிகளையும் காட்டும் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிகேட்டை லோயர் வாசித்துச் சொல்லும்வரை, ஓஃபரில் போட்ட நிபந்தனையைக் கைவிடாதீர்கள். அதன் கட்டணம் 100 டொலருக்கு மேல் போகாது. பில்டரிடம் நேரே வாங்கும் புதுக் கொண்டோவுக்கு மனம் மாறினால் விலக 10 நாள் இருக்கிறது. அந்த நாட்களுக்குள்ளேயே ஒப்பந்தத்தை லோயரிடம் கொடுத்துவிடுங்கள்.

குளோசிங் காசை அனுப்பும் நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் ஒரு சதமும் அனுப்பவேண்டாம். உங்களிடம் முன்பே இருக்கும் இலக்கத்தில் லோயர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஆளோடு கதைத்து உறுதிப்படுத்திய பிறகு அனுப்புங்கள்.