திருவாதிரைக்கு வயது என்ன? நட்சத்திர வெடிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதத்தில் மூடுபனி விலகிய இரவுகளில், ஹட்டன் பக்கத்து லயத்து முற்றத்தில் நின்றால் கிழக்கு வானில் திருவாதிரை செம்மஞ்சளாக ஒளிர்வது தெரியும். "வெடிக்கப் போகிற கிழட்டு நட்சத்திரம் அதுதானே, சேர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள்.

வெடிக்கப் போவது உண்மை. கிழடு என்பதுதான் பிழை. திருவாதிரைக்கு வயது சுமார் 1 கோடி ஆண்டு. நம் சூரியனுக்கோ 460 கோடி. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரம் எரிபொருளை அவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது; சில கோடி ஆண்டுகளுக்குள் அதன் மையம் நொறுங்கி, சூப்பர்நோவாவாக வெடிக்கிறது. ஆகவே அந்த வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் அண்மையில்தான் நட்சத்திரங்கள் பிறந்திருக்க வேண்டும்.

சுருள் விண்மீன் திரளின் படத்தில் கரங்கள் நீலமாக ஒளிர்வதைப் பார்த்து, இடைவெளிகள் வெறுமை என்று எண்ணுவது அடுத்த தவறு. தேயிலை மலையைப் பாருங்கள். தூரத்தில் இளம்பச்சையாகத் தெரிவது ஒரு வாரத்துக் கொழுந்து; குனிந்து பார்த்தால், அதைத் தாங்கும் முறுக்கேறிய அடித்தூர் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. திரளிலும் முதிய நட்சத்திரங்கள் தட்டு முழுவதும் பரவியிருக்கின்றன. வாயு நெருக்குண்டு புதியவை துளிர்க்கும் வரிதான் கரம். நம் சுருள் திரளான பால்வீதியை ஒருமுறை சுற்றச் சூரியனுக்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டு ஆகிறது. 1 கோடி ஆண்டே வாழும் நட்சத்திரம் பிறந்த கரத்தை விட்டு எவ்வளவு தூரம் போய்விடும்?

எல்லா வெடிப்பையும் ஒன்றாகக் கருதுவதே எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவில் எம்101 என்ற சுருள் திரள் இருக்கிறது. அங்கே 2023 மே மாதம் ஜப்பானின் கொய்ச்சி இத்தகாக்கி கண்ட சூப்பர்நோவா, பெருந்திணிவுள்ள செந்நட்சத்திரம் ஒன்றின் முடிவு. நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு முகிலின் அருகிலேயே அது தோன்றியது. அதே திரளில் 2011இல் வெடித்ததோ, எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எச்சமான வெள்ளைக் குள்ளன். இவ்வகை எச்சம் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருந்தும் வெடிக்கலாம். அதனால்தான் புதுப் பிறப்புகள் ஓய்ந்துபோன நீள்வட்டத் திரள்களிலும் இவ்வகை வெடிப்பைக் காண்கிறோம்.

அதற்காக வெள்ளைக் குள்ளன் வெடித்தாலே அங்கே எல்லாம் முதியவை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மூல நட்சத்திரம் பிறந்து 10 கோடி ஆண்டு ஆவதற்குள்ளேயே சில குள்ளன்கள் வெடித்துவிடுகின்றன.