தில்லிக் குளிரும் தேங்காய் எண்ணெயும்

டிசம்பர் வந்தால் மயூர் விஹாரில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள்ளேயே மெழுகாய் இறுகிவிடும். “கலப்பட எண்ணெய், கடையை மாற்று” என்று ஊரிலிருந்து அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைவது இயல்புதான். தொல்லை எண்ணெயில் இல்லை, புட்டியின் குறுகிய கழுத்தில் இருக்கிறது. வெந்நீரில் நிறுத்தினால் இளகும்; அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் யார் காத்திருப்பது?

இப்போது தீபாவளி முடிந்ததுமே எண்ணெயை அகன்ற வாய் ஜாடிக்கு மாற்றிவிடுகிறேன் (ஊறுகாய் ஜாடிதான், வாசனை போகக் கழுவியது). ஈரமில்லாத கரண்டியால் சுரண்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் உடல் சூட்டிலேயே உருகிவிடுகிறது. மேல்வீட்டு மாமியோ புட்டியை டிவியின் செட்டாப் பெட்டிமேல் வைக்கிறார். அதுவும் பலிக்கிறது, வீட்டில் யாராவது சீரியல் பார்த்துக்கொண்டே இருந்தால்.