இடவப்பாதிக்கு முன்னால் கூரை: கோடை மழைக்கு நடுவே சின்ன வீட்டு வேலை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் சுற்றுவட்டாரக் கிராமங்களில், வீட்டு வேலையைப் பலரும் பங்குனி, சித்திரையில்தான் தொடங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை, வெளிநாட்டில் இருப்பவர் லீவில் வந்து நிற்பார், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். கோடை மழையும் சரியாக அப்போதுதான் வரும். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், இரண்டு மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஏப்ரல், மே முழுக்க விட்டுவிட்டு இதே கதைதான். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் அப்புறம் நேரம் காலம் கிடையாது, அது ஓய்ந்தால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத மாதம் பார்த்துத்தான் கட்டுவேன் என்று இருப்பவருக்கு இங்கே தை, மாசிதான் மிஞ்சும்.

அதனால் வேலையின் வரிசையை மழைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வதுதான் வழி. இடவப்பாதிக்குள் முடிந்தே ஆக வேண்டியவை இரண்டு: தண்ணீர் வெளியேறும் வழி, கூரை. பூச்சு, தரை, பெயிண்ட், கதவு ஜன்னல் எல்லாம் கூரைக்கு அடியில் நின்று நிதானமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். முகப்புத் தூணுக்கு கிரானைட் ஒட்டி முடித்திருப்பார்கள், பின்பக்கச் சுவரோரம் கணுக்கால் அளவு தண்ணீர் கிடக்கும்.

முதல் மழையில் குடையோடு ஒரு சுற்று

முதல் பெரிய மழை பெய்யும்போது, இடி இல்லாத நேரமாகப் பார்த்து, குடையை எடுத்துக்கொண்டு மனையைச் சுற்றி வாருங்கள். மேட்டில் இருக்கும் ரப்பர் தோட்டத்துத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்த மூலையில் தேங்குகிறது, கூரையிலிருந்து விழும் தண்ணீர் எந்தச் சுவரில் செம்மண்ணைத் தெறிக்க வைக்கிறது என்று பார்த்து அந்தந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். வீட்டு வரைபடத்தில் இதெல்லாம் வராது.

சரிவான நிலம் என்றால், வீட்டுக்கு மேட்டுப் பக்கமாக, சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிக் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும் (பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்துக்கு அல்ல, அது வேறு சண்டை). வீட்டைச் சுற்றி மூன்று அடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்பக்கமாக ஒன்றரை இன்ச்சாவது வாட்டம் கொடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியை அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்ட வேண்டாம், ஐந்தாறு அடியாவது தள்ளி, அதுவும் பள்ளத்துப் பக்கமாக இருக்கட்டும். பேஸ்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர வேண்டும் என்பார்கள். நான் அதை ரோட்டிலிருந்து கணக்குப் போடச் சொல்வேன். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடும் பழக்கம் இருக்கிற வரைக்கும் ரோடு உயர்ந்துகொண்டேதான் போகும், வீடு உயராது.

புதிதாகக் கட்டுபவர்கள் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது கடைசி அரை அடி மண்ணை எடுக்காமல் விட்டுவையுங்கள். அடிக் கான்கிரீட் போடும் அன்று காலையில் அதை எடுத்துவிட்டு உடனே போட்டுவிட வேண்டும். முழு ஆழமும் தோண்டிய குழியில் ஒரு ராத்திரி மழைத்தண்ணீர் நின்றால் அடிமண் இளகிவிடும், அப்புறம் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தால் மட்டும் போதாது, கெட்டி மண் தென்படும்வரை சேற்றை வழித்தெடுத்து அந்த ஆழத்தையும் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும். வயலை மண் போட்டு நிரப்பிய மனை என்றால் மேஸ்திரியின் கைக்கணக்கை நம்பி இறங்காதீர்கள், அஸ்திவாரத்துக்கு மட்டுமாவது ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஓட்டுக் கூரை

பழைய வீட்டைச் சரிசெய்பவர்களுக்கு வேலை இங்கேதான் அதிகம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை பார்க்க வேண்டும். நடுப்பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால் வெளிச்சப் புள்ளிகள் தெரியும், அவற்றுக்குப் பக்கத்து ரீப்பரில் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) சாக்பீஸால் குறி போடுங்கள். மழை பெய்யும்போது சொட்டும் இடங்களுக்கு வேறு கலரில் குறி. இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது, ஏனென்றால் தண்ணீர் ஓட்டின் விரிசலில் நுழைந்து, மரச்சட்டத்தின் அடிப்பக்கமாக ஓடி, இரண்டு மூன்று அடி கீழே வந்துதான் சொட்டும். ஆக, சொட்டுக்கு நேர் மேலே இருக்கிற ஓட்டை மாற்றிவிட்டு இன்னும் ஒழுகுதே என்று ஆளைத் திட்டுவதில் பயனில்லை, அந்தச் சட்டத்தோடே மேலே தேடிப் போக வேண்டும்.

சீமை ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், அடியில் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் மங்களூரில் தொடங்கிய தொழில் இது, பிறகு பல ஊர்களுக்குப் பரவி ஆளுக்கொரு அச்சில் அடித்தார்கள். அளவும் காடியும் ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும், ஒரு பெயர் ஓட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் ஓட்டைச் செருகினால் நன்றாக இருப்பது போலத் தெரியும், சாரல் அடித்தால் உள்ளே வரும். பழைய ஓடு விற்கும் இடத்தில் அதே பெயர் தேடி வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால், ஒரு பக்கச் சரிவை முழுக்கப் புது ஓடு போட்டுவிட்டு, அங்கே கழற்றிய நல்ல ஓடுகளை மறுபக்கத்து உடைசலுக்குப் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடு. 100 சதுர அடிக்குச் சுமார் 140, 150 ஓடு பிடிக்கும், உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீப்பர் அடிக்கும் இடைவெளியைப் பழைய ரீப்பரைப் பார்த்தோ யாராவது சொன்னதைக் கேட்டோ அடிக்காமல், வாங்கி வந்த ஓட்டில் நாலைந்தை அடுக்கி அளந்து பார்த்து அடிக்கச் சொல்லுங்கள்.

பிரிக்கும்போது ஒரே நாளில் முழுக் கூரையையும் பிரிக்க விடவே கூடாது. மத்தியானம் ஒரு மணிக்குள் திரும்ப மூட முடிகிற அளவுதான் பிரிக்கலாம், மிச்சத்துக்குத் தார்ப்பாய் கயிறோடு மேலே தயாராக இருக்க வேண்டும், மழை வந்த பிறகு பரண் மேல் தேடக் கூடாது. பிரித்த கையோடு மரத்தைப் பாருங்கள். சட்டத்தின் நடுப்பகுதி இரும்பு போல இருக்கும், சுவரில் உட்காரும் முனைதான் உளுத்துப்போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், முனை சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டம் மாற்ற வேண்டியதுதான். பலா, அயினி மரம் என்றால் உளுத்த நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப் போட நல்ல ஆசாரியால் முடியும், முழுதும் மாற்றச் செலவு செய்ய வேண்டியதில்லை. கறையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். கையில் பட்டால் கொப்பளித்துவிடும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

ஓட்டைக் கழற்றிவிட்டு ஷீட் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம், சீக்கிரம் முடியும், ஒழுகாது. மேயில் உள்ளே அடுப்பு, ஜூனில் பேசினால் காது கேட்காது. என் ஓட்டு ஓட்டுக்குத்தான். அப்புறம் கூரையின் இறக்கத்தைக் குறைக்காதீர்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் மரவேலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கூரை எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது, சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்று பாருங்கள். சாரல் அடிக்கும் ஊருக்கு ஒன்றரை அடி சன்ஷேடு போதாது, இரண்டரை அடியாவது வெளியே நீட்டினால்தான் சுவர் நனையாது.

ஈரமான, பாசி பிடித்த ஓட்டில் ஏறக் கூடாது. இடிச் சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் கேட்டாலும், கூரையிலும் சாரத்திலும் இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிஷ வேலைதான் என்று நிற்பவரைக் கையைப் பிடித்து இறக்குங்கள்.

கான்கிரீட் போடும் நாள்

கோடை மழை பெரும்பாலும் சாயங்கால மழை என்பதால் மேல்தளம் போடுபவர்கள் விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். ஆட்கள் எட்டரைக்கு வந்து டீ குடித்துவிட்டு ஒன்பதரைக்கு மிஷினை ஓட்டினால் கணக்கு தப்பிவிடும். முந்தைய நாளே ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் வந்திருக்க வேண்டும், ஆறரைக்கு முதல் கலவை விழ வேண்டும், பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும். 400 சதுர அடிக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்கு இது முடிகிற காரியம்தான். முடிந்து நாலைந்து மணி நேரம் மழை படாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம்.

மழைக் காலத்தில் கலவையைக் கெடுப்பது வானத்துத் தண்ணீரைவிட மணலுக்குள் இருக்கிற தண்ணீர்தான். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கணக்கில், ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர் என்று வையுங்கள். அந்த மூட்டைக்குப் போகிற மணல் ஏறக்குறைய 80 கிலோ. அதில் நூற்றுக்கு ஐந்து ஈரம் இருந்தால் நாலு லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, ஆகவே ஊற்ற வேண்டியது 21தான். வாளிக் கணக்கில் எப்போதும் போல ஊற்றினால் கலவை இளகி, ஆட்களுக்கு இழுக்க வசதியாக இருக்கும், தளம்தான் பலம் குறையும்.

இன்னொன்று, ஈர மணல் உப்பும். பெட்டி அளந்து போடும்போது பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். இதைச் சோதிக்க ஒரு நேரான டப்பா போதும். ஈர மணலை அமுக்காமல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள், பிறகு அதை வெளியே கொட்டிவிட்டு டப்பாவில் பாதித் தண்ணீர் ஊற்றி மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி விடுங்கள். இப்போது மணல் 16 சென்டிமீட்டரில் நின்றால், கால் பங்கு உப்பியிருக்கிறது என்று பொருள், பெட்டிக் கணக்கில் கால் பங்கு மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சல்லிக்காசு செலவில்லாத சோதனை, மேஸ்திரி சிரித்தாலும் செய்யுங்கள்.

தளத்தை அடியிலிருந்து தாங்கும் முட்டுகளைப் பார்க்க மறக்காதீர்கள். உள்ளே நிரப்பிய மண் மழையில் நனைந்திருந்தால், தளத்தின் எடை ஏறும்போது முட்டு மண்ணுக்குள் இறங்கும், தளம் தொய்யும். ஒவ்வொரு முட்டுக்கு அடியிலும் அகலமான பலகை வைத்து, அன்று காலையில் எல்லா முட்டுகளையும் தட்டி இறுக்கச் சொல்லுங்கள்.

பாதியில் மழை பிடித்துக்கொண்டால் பதறி அவசரமாகக் கொட்டி முடிக்கப் பார்க்க வேண்டாம். தூறல் என்றால் தார்ப்பாய்க்கு அடியில் வேலை நடக்கலாம், கனமழை என்றால் நிறுத்துங்கள். நிறுத்தும் இடம் உத்திரத்தை ஒட்டி இல்லாமல் இரண்டு உத்திரத்துக்கு நடுப்பகுதியில், பலகை வைத்துச் செங்குத்தாக முடிய வேண்டும். மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் அடித்துத் தொடரலாம். இதற்கான பலகையை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. தார்ப்பாய் ஈரக் கான்கிரீட்டில் ஒட்டாமல் கம்பு வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். மழையில் மேல்பால் கரைந்து ஜல்லி தெரிந்தால் காய்ந்த சிமெண்ட்டைத் தூவி மினுக்கித் தருவார்கள், அந்த ஒப்பனை கொஞ்ச நாளில் தோலாக உரியும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மழை பெய்கிறதே, தண்ணீர் கட்ட வேண்டுமா? கட்ட வேண்டும். சாயங்காலம் நனைந்த தளம் மறுநாள் பதினோரு மணி வெயிலில் வறண்டுவிடும். பாத்தி கட்டி, இப்போது பரவலாகக் கிடைக்கிற பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொசோலானா) சிமெண்ட் என்றால் பத்து நாளாவது தண்ணீர் நிற்கட்டும். முட்டு எடுக்க 14 நாள் என்று மேஸ்திரி சொன்னால் விடுங்கள், அதைக் குறைக்கச் சொல்லி நெருக்காதீர்கள்.

சிமெண்ட்டை ஒரேயடியாக வாங்கி அடுக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் போகாமல் அடுக்கி பாலிதீன் போட்டு மூடினால் போதும். செங்கல்லையும் மூடி வையுங்கள். மழையில் ஊறிச் சொட்டும் கல் சாந்தில் வழுக்கும், சுவர் தூக்கு மாறும். மழை நாளில் ஒரே நாளில் மூன்று, நாலு அடிக்கு மேல் சுவர் எழுப்ப வேண்டாம், சாயங்காலம் மேல்வரிசையை மூடிவிட்டு வாருங்கள்.

பழைய சுவரும் சிமெண்டும்

பழைய வீட்டில் மண் சாந்து வைத்துக் கட்டி சுண்ணாம்பு பூசிய சுவர்கள் நிறைய உண்டு. அதில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் எல்லாரும் செய்வது. கீழிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போய்க்கொண்டிருந்தது, சிமெண்ட் பூசியதும் வழி அடைபட்டு இன்னும் மேலே ஏறும், இரண்டு அடியில் இருந்த ஈரம் நாலு அடிக்கு வந்து உப்பு பூக்கும், கடைசியில் சிமெண்ட் பாளம் பாளமாக மண்ணையும் பிய்த்துக்கொண்டு விழும். அங்கே சுண்ணாம்பும் மணலும்தான் சரி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கூலியும் கூடுதல், பூச்சு இறுகவும் நாளாகும், ஆனாலும் காத்திருக்கலாம். அதற்கு முன்னால் வெளியே சுவரோரம் குவிந்து கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்துத் தரைமட்டத்தைக் கீழே இறக்குங்கள், பாதி ஓதம் அதிலேயே நின்றுவிடும்.

மின்வயரைத் தற்காலிகமாக ஈரச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டாம். வேலை நடக்கும் நாட்களிலேயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றைப் போட்டு, மிஷின் எல்லாம் அதன் வழியாக ஓடட்டும்.

பெயிண்ட் கடைசி. புதுப் பூச்சு தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சாயங்காலம் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள், உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டி பார்க்க வேண்டாம். ஜன்னலைத் திறந்துபோட்டு, ஃபேனை ஓடவிட்டு, ரெண்டு வாரம் கழித்து மறுபடி ஒட்டிப் பாருங்கள். இடவப்பாதி நடுவில் வந்துவிட்டால் இது ஆவணி வரைக்கும்கூட இழுக்கும். பெயிண்டர் அவசரப்படுத்துவார், அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்துக்கொண்டிருக்கும்.